கதிர்ப் பூஞ்சையிலிருந்து காகிதத் துண்டு வரை: எல்.எஸ்.டி.யின் கதை

மந்திர் மார்க்கை ஒட்டிய அரசுக் குடியிருப்பில் நான் குடியேறியது 1974-ல். அந்த நாட்களில் மாலை வேளையில் பிர்லா மந்திர்ப் பக்கம் காலாற நடந்தால் ஒரு காட்சி தவறாமல் கண்ணில் படும். பஹார்கஞ்சின் மலிவு விடுதிகளிலிருந்து நடந்து வரும் வெள்ளைக்கார இளைஞர்கள், சடை விழுந்த தலை, காவித் துணி, வெறுங்காலோடு படிகளில் உட்கார்ந்து எங்கோ பார்த்துக்கொண்டிருப்பார்கள். நம் வீட்டுப் பெண்கள், "பாவம், யார் பெத்த பிள்ளையோ!" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். லண்டனிலிருந்து இஸ்தான்புல், டெஹ்ரான், காபூல், லாகூர் வழியாகத் தரை மார்க்கமாகவே டில்லி வந்து, பிறகு காத்மாண்டுவுக்கோ கோவாவுக்கோ போகும் ஹிப்பிகள் அவர்கள். அவர்களில் பலர் பையில் கஞ்சாவும் சரஸும் இருந்தன என்பது ஊரறிந்த விஷயம். சிலரிடம் இன்னொன்றும் இருந்தது. எடையில்லாத, நிறமில்லாத, மணமில்லாத ஒரு பொருள். அதன் பெயர் எல்.எஸ்.டி.

அது அவர்கள் சமாசாரம், நமக்கு என்ன என்று இருந்தவன் நான். அப்படி இருக்க முடியாது என்று எனக்குக் காட்டியவன் என்னிடம் டியூஷன் படித்த ஒரு பையன்.

ஆபீஸ் முடிந்து வந்து அக்கம்பக்கத்துத் தமிழ்ப் பிள்ளைகளுக்கு வேதியியல் சொல்லிக் கொடுப்பது பல வருஷமாக என் வழக்கம். போதைப்பொருள் பற்றிப் பேச்சு வந்தால் நானும் மற்றவர்களைப்போல் கொஞ்சம் கூட்டித்தான் சொல்வேன். "ஒரே தடவை போதும், ஆயுசுக்கும் பைத்தியம்தான். பிறக்கிற குழந்தைக்கும் ஊனம் வரும்" என்பேன். பயமுறுத்தினால் தொட மாட்டார்கள் என்ற நம்பிக்கை. அந்தப் பையன் வெளியூரில் கல்லூரி சேர்ந்தான். 2008-ல் ஒரு ராத்திரி நண்பர்கள் அறையில் நாக்கில் ஒரு சின்னக் காகிதத் துண்டு வைத்துக்கொண்டான். பத்து மணி நேரம் சுவரெல்லாம் தன்னை விழுங்க வருவதாக அலறியிருக்கிறான். மருந்து இறங்கிய பின்னும் படபடப்பும் தூக்கமின்மையும் விடவில்லை. ஒரு வருஷப் படிப்பு போயிற்று. சிகிச்சைக்குப் பிறகு நன்றாகத் தேறினான். பார்க்கப் போன என்னிடம் அவன் சொன்னது இன்றும் காதில் நிற்கிறது: "மாமா, நீங்க சொன்னதுல பாதி தப்பு. நெட்ல பார்த்தேன். பாதி தப்புன்னு தெரிஞ்சதும் மீதியும் தப்புதான்னு நெனச்சிட்டேன்."

அன்றைக்குப் பிறகுதான் இதைப் பற்றி ஒழுங்காகப் படிக்க ஆரம்பித்தேன். கூட்டாமல் குறைக்காமல் அறிந்ததை இங்கே எழுதுகிறேன்.

கதிரில் பிறந்த நஞ்சு

கதை வயலில் தொடங்குகிறது. ஐரோப்பாவில் ரை என்றொரு தானியம் உண்டு. ஈரமும் குளிரும் கூடிய பருவத்தில் அதன் கதிரில் ஒரு பூஞ்சை பிடிக்கும். தானிய மணி இருக்க வேண்டிய இடத்தில் கறுப்பாக, கொம்பு போல ஒன்று நீண்டு நிற்கும். இதுவே எர்காட். இது கலந்த மாவில் செய்த ரொட்டியைத் தின்றவர்களுக்கு இடைக்காலத்தில் கைகால்கள் எரிந்து, கறுத்து, அழுகி விழுந்தன. சிலருக்கு வலிப்பும் மனக்குழப்பமும் வந்தன. அதைப் 'புனித அந்தோணியார் நெருப்பு' என்றார்கள்.

நமக்கும் இது அந்நியமில்லை. நம் ஊர்க் கம்புப் பயிரில் வரும் தேன் ஒழுகல் நோய் இதன் பங்காளிதான். கதிரிலிருந்து தேன்போல் பிசின் வடியும், பிறகு கரும்பழுப்பு நிறத்தில் பூஞ்சைக் கட்டி நிற்கும். வகை வேறு என்பதால் நஞ்சும் வேறு. ராஜஸ்தானில் 1975-ல் இப்படிப்பட்ட கம்பைத் தின்றவர்களுக்கு வாந்தியும் தலைசுற்றலும் தூக்கக் கலக்கமும் ஏற்பட்டன. கைகால் அழுகல் அதில் இல்லை. இதற்கு வேளாண்துறை சொல்லும் வைத்தியம் எளிமையானது. பத்து லிட்டர் தண்ணீரில் ஒரு கிலோ சமையல் உப்பைக் கரைத்து விதையைக் கொட்டினால் நோய்பட்டவை மிதக்கும், நல்ல விதை அடியில் தங்கும். மிதப்பதை அள்ளி எறிந்துவிட்டு, மீதியை நல்ல தண்ணீரில் அலசிக் காயவைத்து விதைக்க வேண்டியதுதான். இந்த உப்புத் தண்ணீரை வாசகர்கள் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் தேவைப்படும்.

நஞ்சாக இருந்த எர்காட்டையே மருந்தாகவும் மனிதன் பயன்படுத்தினான். கருப்பையைச் சுருங்கச் செய்யும் குணம் அதற்கு உண்டு என்று ஐரோப்பிய மருத்துவச்சிகளுக்குத் தெரிந்திருந்தது. சுவிட்சர்லாந்தில் பாசல் நகரத்து சாண்டோஸ் கம்பெனியில் ஆர்தர் ஸ்டோல் 1918-ல் எர்காட்டிலிருந்து எர்காட்டமின் என்ற பொருளைத் தூய நிலையில் பிரித்தார். அவருடைய ஆய்வுக்கூடத்தில் பின்னாளில் சேர்ந்தவர் ஆல்பர்ட் ஹாஃப்மன். பிரசவத்துக்குப் பின் உதிரப்போக்கை நிறுத்தப் போடும் மெதர்ஜின் ஊசியை நம் வீட்டுப் பெரியவர்கள் கேள்விப்பட்டிருப்பார்கள். அது ஹாஃப்மனின் கைவேலை. எத்தனையோ தாய்மார்களைக் காப்பாற்றிய மருந்து. எல்.எஸ்.டி. அதன் உடன்பிறப்பு. ஒரே அமிலத்திலிருந்து, அதே ஆய்வுக்கூடத்தில், அதே கைகளால் செய்யப்பட்டவை இரண்டும்.

சைக்கிளில் வீடு போன விஞ்ஞானி

1938 நவம்பர் 16-ல் ஹாஃப்மன், இரத்த ஓட்டத்தையும் சுவாசத்தையும் தூண்டும் மருந்து ஒன்று கிடைக்குமா என்று தேடி, லைசர்ஜிக் அமிலத்திலிருந்து ஒரு கூட்டுப்பொருளைத் தயாரித்தார். வரிசையில் 25-ஆவது என்பதால் எல்.எஸ்.டி.-25 என்று பெயர். விலங்குகளுக்குக் கொடுத்தபோது அவை கொஞ்சம் அமைதியிழந்தன, அவ்வளவுதான். உதவாது என்று ஒதுக்கிவிட்டார்கள்.

ஐந்து வருஷம் கழித்து, ஏதோ ஓர் உள்ளுணர்வில், 1943 ஏப்ரலில் மறுபடியும் அதைத் தயாரித்தார். ஏப்ரல் 16 அன்று வேலை நடுவிலேயே தலை கிறுகிறுத்து, கண்ணை மூடினால் வண்ண வண்ணமாய்க் காட்சிகள் ஓடின. விரல் வழியாகத் துளி உள்ளே போயிருக்கலாம் என்று சந்தேகப்பட்டு, மூன்றாம் நாள், ஏப்ரல் 19 அன்று, தானே சாப்பிட்டுப் பார்த்தார். எடுத்துக்கொண்டது கால் மில்லிகிராம், அதாவது 250 மைக்ரோகிராம். இதைவிடக் குறைவாக எடுத்தால் ஒன்றுமே தெரியாது என்று எண்ணி, மிகுந்த ஜாக்கிரதையோடு எடுத்த அளவு அது! உண்மையில் இன்று வழக்கமாகச் சொல்லப்படும் முழு அளவைப்போல் இரண்டரை மடங்கு.

நிலைமை மோசமாகவே, உதவியாளரைத் துணைக்கு அழைத்துக்கொண்டு சைக்கிளில் வீட்டுக்குப் போனார். போர்க்காலமாதலால் கார் இல்லை. பால் கொண்டுவந்த பக்கத்து வீட்டு அம்மாள் சூனியக்காரி போலத் தெரிந்தாள். செத்துக்கொண்டிருக்கிறோம் என்றே நம்பினார். டாக்டர் வந்து பார்த்தால் கண்மணி விரிந்திருந்ததைத் தவிர உடம்பில் ஒரு கோளாறும் இல்லை!

இந்த ஒரு சம்பவத்திலேயே எல்.எஸ்.டி.யின் மொத்தக் குணமும் அடங்கியிருக்கிறது. ஒன்று, தேர்ந்த வேதியியலாளரே அளவைத் தப்பாகக் கணித்தார். இரண்டு, ஆபத்து உடம்பைவிட மனத்தில்தான் அதிகம். நாம் சாப்பாட்டு மேசையில் வைக்கும் தூள் உப்பின் ஒரு துகள் சுமார் 60 மைக்ரோகிராம் எடை இருக்கும். நூறு மைக்ரோகிராம் எல்.எஸ்.டி. என்றால் அப்படி இரண்டு துகள்கூட நிறையாது. அதற்குள் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் ஒரு மனிதனின் புத்தியைக் கலைத்துப்போடும் சக்தி.

டாக்டர்களும் உளவாளிகளும்

சாண்டோஸ் 1947-ல் இதை டெலிசிட் என்ற பெயரில் மனநல மருத்துவர்களுக்குக் கொடுத்தது. 1950-களில் குடிப்பழக்கத்துக்கும் மன நோய்களுக்கும் இது பயன்படுமா என்று பல நாடுகளில் ஆய்வு நடந்தது. அதே காலத்தில் அமெரிக்க உளவு நிறுவனமான சி.ஐ.ஏ.வுக்கும் இதன்மேல் கண் விழுந்தது. எதிரியின் வாயைத் திறக்க வைக்க உதவுமா என்று பார்க்க, 1953-ல் எம்.கே.அல்ட்ரா என்ற ரகசியத் திட்டத்தைத் தொடங்கினார்கள். பலருக்கு அவர்கள் அறியாமலே மருந்து கொடுக்கப்பட்டது. ஃபிராங்க் ஓல்சன் என்ற அரசு விஞ்ஞானிக்கு 1953 நவம்பரில் மதுவில் கலந்து கொடுத்தார்கள். சில நாட்களில் அவர் நியூயார்க் ஓட்டல் ஜன்னலிலிருந்து விழுந்து இறந்தார். இருபது வருஷத்துக்கு மேல் மூடி வைத்திருந்து, 1975-ல் விஷயம் வெளியானபோது அதிபர் ஃபோர்டு அந்தக் குடும்பத்தாரிடம் நேரில் மன்னிப்புக் கேட்டார்.

1960-களில் மருந்து ஆய்வுக்கூடத்தைவிட்டுத் தெருவுக்கு வந்தது. ஹார்வர்டில் உளவியல் பேராசிரியர்களாக இருந்த டிமதி லியரியும் ரிச்சர்ட் ஆல்பெர்ட்டும் இதை ஞானத்துக்குக் குறுக்கு வழியாகப் பிரசாரம் செய்தார்கள். இருவரும் 1963-ல் வேலை இழந்தார்கள். ஆல்பெர்ட் 1967-ல் இந்தியா வந்து நீம் கரோலி பாபாவைச் சந்தித்து, ராம் தாஸ் என்று பெயர் பெற்றார். குருவுக்கு நிறைய மாத்திரை கொடுத்தும் அவர் அசையாமல் உட்கார்ந்திருந்தார் என்று ராம் தாஸ் பிற்பாடு எழுதியிருக்கிறார். இதைச் சொல்லி எல்.எஸ்.டி.க்கும் நம் யோகத்துக்கும் முடிச்சுப் போடுகிறவர்கள் இன்றும் உண்டு. அவர் சொன்னபடியே வைத்துக்கொண்டாலும், அந்தக் கதை காட்டுவது மாத்திரையால் அந்த மகானுக்கு ஆகவேண்டியது ஒன்றுமில்லை என்பதைத்தானே!

கலிபோர்னியா 1966 அக்டோபரில் தடை செய்தது. 1971-ல் வியன்னாவில் உருவான சர்வதேச உடன்படிக்கை இதை மிகக் கடுமையான முதல் பட்டியலில் சேர்த்தது. இந்தியாவில் 1985-ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டத்தின் கீழ் வந்தது. ஹிப்பிகள் வந்த தரைவழி, 1979-ல் ஈரான் புரட்சியாலும் ஆப்கானிஸ்தானில் சோவியத் படை புகுந்ததாலும் அடைபட்டுப் போயிற்று. பிர்லா மந்திர்ப் படிகளும் காலியாயின.

பயமுறுத்தலின் தோல்வி

நான் டியூஷனில் செய்த தப்பை அமெரிக்கா பெரிய அளவில் ஏற்கெனவே செய்து முடித்திருந்தது. 1967-ல் எல்.எஸ்.டி. குரோமோசோம்களை உடைக்கிறது என்று ஓர் ஆய்வு வந்தது. பத்திரிகைகள் ஊனக் குழந்தைகள் என்று கொட்டி முழக்கின. 1971-ல் அதுவரை வந்த ஆய்வுகளையெல்லாம் தொகுத்துப் பார்த்தபோது, மிதமான அளவில் தூய மருந்து அப்படிச் செய்வதற்கு ஆதாரம் இல்லை என்று தெரிந்தது. நான் பிள்ளைகளிடம் சொன்னது அந்த 1967-ஆம் வருஷத்துச் செய்தியைத்தான்! இன்னொன்று: பென்சில்வேனியாவில் மாணவர்கள் போதையில் சூரியனையே பார்த்துக் கண் இழந்தார்கள் என்று 1968 ஜனவரியில் செய்தி வந்தது. சில நாட்களிலேயே அது ஓர் அரசு அதிகாரி கட்டிவிட்ட கதை என்று மாநில ஆளுநரே அறிவிக்க வேண்டியதாயிற்று. அவர் நல்லெண்ணத்தோடுதான் சொன்னார். ஆனால் பெரியவர்கள் சொல்வது பொய் என்ற எண்ணம் இளைஞர்களிடம் வேரூன்ற அது ஒரு காரணமாயிற்று.

சரி, உண்மையான ஆபத்து என்ன?

எல்.எஸ்.டி. அபினைப்போல் உடம்பை அடிமையாக்குவதில்லை. இதன் நஞ்சால் மட்டுமே நேர்ந்த மரணங்கள் மிக அபூர்வம். இதை ஒளிக்கக் கூடாது. ஆனால் மூளையில் செரட்டோனின் என்ற ரசாயனம் உட்காரும் இடத்தில் இது போய் உட்கார்ந்துகொள்கிறது. 2017-ல் அமெரிக்க விஞ்ஞானிகள் வெளியிட்ட படம், அது உட்கார்ந்தவுடன் மேலே ஒரு மூடிபோல் மடிந்துகொள்வதைக் காட்டிற்று. அதனால்தான் சீக்கிரம் விடுவதில்லை. பாதியில் "போதும்" என்று இறங்க முடியாத பஸ் அது. அந்த நேரத்தில் மாடியிலிருந்தோ சாலையிலோ நேரும் விபத்துகள் உயிரைக் குடிக்கின்றன. குடும்பத்தில் மனச்சிதைவு, இருதுருவ நோய் இருப்பவர்களுக்கு அது வெளிப்பட இது ஒரு தூண்டுகோல் ஆகலாம். லித்தியம் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு வலிப்பு வந்ததுண்டு. சிலருக்கு மாதக்கணக்கில், அபூர்வமாக வருஷக்கணக்கில், பார்வையில் நிழலும் ஒளிவட்டமும் தங்கிவிடுகின்றன.

எல்லாவற்றுக்கும் மேலான ஆபத்து, காகிதத்தில் இருப்பது எல்.எஸ்.டி.தானா என்பதே தெரியாது என்பது. என்-பாம் என்ற வேறு செயற்கைப் பொருளை இதே காகிதத்தில் ஏற்றி எல்.எஸ்.டி. என்று விற்கிறார்கள். அது உயிரையே பறித்த சம்பவங்கள் பல நாடுகளில் பதிவாகியுள்ளன. 'அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு' என்கிறோம். இங்கே அளவும் தெரியாது, அமிர்தமா நஞ்சா என்றும் தெரியாது.

ஸ்டாம்பும் சட்டமும்

இன்று இந்தப் பொருள் சடைமுடிக்காரர் பையில் வருவதில்லை. மை ஒற்றும் தாள் போன்ற காகிதத்தில் மருந்தை நனைத்து, அழகான படம் அச்சிட்டு, விரல்நகத்தைவிடச் சிறிய துண்டுகளாக்குகிறார்கள். 'ஸ்டாம்ப்', 'ஆசிட்', 'பேப்பர்' என்று பசங்க சொல்வது இதைத்தான். இணையத்தின் மறைவான மூலையில் ஆர்டர், கிரிப்டோ நாணயத்தில் பணம், கூரியரில் கவர். 2023 ஜூனில் மத்திய போதைப்பொருள் கட்டுப்பாட்டுப் பிரிவு, டில்லி வட்டாரத்தை மையமாக வைத்து நடந்த விசாரணையில் 14,961 துண்டுகளைப் பிடித்ததாக அறிவித்தது. கைதான 6 பேரும் இளவயதினர்.

அந்தச் சரக்கு சட்டத்தின் 'வணிக அளவை'ப்போல் 2,500 மடங்கு என்றார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். சுமார் ஆறு துண்டுகளே வணிக அளவு! சட்டப்படி எல்.எஸ்.டி.க்குச் சிறிய அளவு 0.002 கிராம், வணிக அளவு 0.1 கிராம். தூய மருந்தாக எடுத்தால் 0.1 கிராம் என்பது ஆயிரம் பேருக்குக் காணும். ஆனால் கலப்புப் பொருளின் எடையையும் சேர்த்தே பார்க்க வேண்டும் என்று 2020-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதன்பின் பம்பாய் உயர் நீதிமன்றம், காகிதத்தின் எடையும் சேரும் என்றது. ஆக, நண்பர்களுக்கும் சேர்த்து 'பத்து ஸ்டாம்ப் வாங்கி வைத்த' பையன் வியாபாரியாகிவிடுகிறான். வணிக அளவுக்குத் தண்டனை குறைந்தது 10 வருஷம், அதிகபட்சம் 20 வருஷம், அதோடு ஒரு லட்சம் ரூபாய்க்குக் குறையாத அபராதம். ஜாமீனும் லேசில் கிடைக்காது. இந்தக் கணக்கு நம் பிள்ளைகளுக்குத் தெரியாது. நமக்கும் தெரியாது.

கண்ணுக்குத் தெரியாத பொருள் என்பதால் நிரபராதியும் மாட்டலாம். கேரளத்தில் சாலக்குடியில் அழகு நிலையம் நடத்திய ஒரு பெண்மணியின் பையில் ஸ்டாம்ப் இருந்ததாக 2023 பிப்ரவரியில் கைது செய்தார்கள். 72 நாள் சிறையில் இருந்தார். ஆய்வுக்கூட அறிக்கை வந்தபோது காகிதத்தில் எல்.எஸ்.டி.யே இல்லை! வெறும் காகிதம் ஒரு குடும்பத்தைத் தெருவில் நிறுத்திவிட்டது.

நாம் செய்யக்கூடியது

பிள்ளை அப்படி ஒரு நிலையில் வந்து நின்றால் அடிப்பதோ, அறையில் பூட்டுவதோ, மந்திரிக்கக் கூட்டிப்போவதோ கூடாது. தனியே விடாமல், விளக்கைத் தணித்து, மெல்லப் பேசிக்கொண்டிருங்கள். உடம்பு கொதித்தாலோ, வலிப்பு வந்தாலோ, நினைவு தப்பினாலோ, கட்டுக்கடங்காமல் போனாலோ 112-ஐ அழையுங்கள். என்ன சாப்பிட்டான் என்பதை டாக்டரிடம் மறைக்காதீர்கள். மத்திய அரசின் போதை மீட்பு உதவி எண் 14446. டெலி-மானஸ் மனநல உதவி எண் 14416, அதில் தமிழிலும் பேசலாம். போதைக்கு அடிமையானவர் தாமாக முன்வந்து அங்கீகரிக்கப்பட்ட இடத்தில் சிகிச்சை பெற்றால், உபயோகித்ததற்கும் சிறிய அளவு வைத்திருந்ததற்கும் வழக்கிலிருந்து விலக்குத் தர அதே சட்டத்தின் 64-ஏ பிரிவு இடம் தருகிறது.

ஹாஃப்மன் 1979-ல் வெளியிட்ட நூலுக்கு, 'எல்.எஸ்.டி. – என் கவலைக்குரிய பிள்ளை' என்று பொருள்படும் தலைப்பையே வைத்தார். 2008 ஏப்ரலில், 102-ஆம் வயதில் காலமாகும்வரை, சரியான கைகளில் இது மருந்தாகும் என்றே நம்பினார். அந்த நம்பிக்கைக்கு இன்று கொஞ்சம் உயிர் வந்திருக்கிறது. தீராத மனப்பதற்றத்துக்கு இதை ஒருமுறை கொடுத்துச் சோதிக்கும் ஆய்வுக்கு 2024-ல் அமெரிக்க மருந்துத்துறை முன்னுரிமை அளித்தது. இதையும் பிள்ளைகளிடம் மறைக்க வேண்டாம். ஆனால் அங்கே அளந்த மருந்து, சோதித்துத் தேர்ந்த நோயாளி, நாள் முழுதும் பக்கத்தில் டாக்டர். நண்பன் அறையில் இந்த மூன்றில் எதுவும் கிடையாது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

கம்பு விதையை உப்புத் தண்ணீரில் கொட்டினால் கெட்டது தானே மிதந்து வரும். காகிதத் துண்டில் நல்லது கெட்டதைப் பிரித்துக் காட்டும் தண்ணீர் எதுவும் நம் வீட்டில் இல்லை. இருப்பது பேச்சு ஒன்றுதான். அதில் பொய் கலந்தால் அதுவும் பயன்படாது. என் மாணவனுக்கு இப்போது பள்ளிக்குப் போகும் மகள் இருக்கிறாள். போன தீபாவளிக்கு வந்தபோது, "அவளுக்கும் நீங்கதான் கெமிஸ்ட்ரி சொல்லித் தரணும் மாமா" என்றான். சரி என்றேன். இந்தத் தடவை கூட்டிச் சொல்வதாக இல்லை.